பல் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெறுவதும், ஊர் மக்களை அங்கே அழைத்துச் செல்வதும்: ஒரு வழிகாட்டி

நம் ஊர்களில் பெரும்பாலோர் பல்லை இழப்பது செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதால்தான். கடைவாய்ப்பல்லில் சொத்தை விழுந்தவர் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சில மாதங்களை ஓட்டுகிறார். கன்னம் வீங்கிய பிறகு மருத்துவரிடம் போகிறார். ரூட் கேனால் (பல்லின் உள்ளிருக்கும் அழுகிய நரம்பை எடுத்து, மருந்தால் நிரப்பி அடைக்கும் சிகிச்சை) செய்து கேப் (பல்லின் மேல் பொருத்தும் உறை) போட எவ்வளவு ஆகும் என்று கேட்டதும், "பிடுங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் இப்படித்தான் போகிறது. அதே மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருந்து, அங்கே இதே சிகிச்சை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கிறது என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தியாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று உள்ளன. சென்னைக் கல்லூரி 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. இன்று கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தனி மருத்துவமனையாக இயங்குகிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்தது பின்னர் அரசுக் கல்லூரியானது. புதுக்கோட்டைக் கல்லூரி 2023-இல் திறக்கப்பட்டது. இவை தவிர, தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் வெளிநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனை ஒன்றை நடத்தியாக வேண்டும். இந்த வழிகாட்டி இருவருக்காக எழுதப்பட்டது: தனக்கோ தன் வீட்டாருக்கோ சிகிச்சை தேடுகிறவர் ஒருவர், தன் ஊர் மக்களை அங்கே கொண்டு சேர்க்க நினைக்கும் ஊராட்சி உறுப்பினர், ஆசிரியர், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி போன்றவர் மற்றொருவர்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

பல் மருத்துவப் பட்டப் படிப்பான பிடிஎஸ் நான்கு ஆண்டுகளும், அதன் பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சியும் கொண்டது. முதல் இரண்டு ஆண்டுகள் மாணவர்கள் பாடங்களையும், மாதிரிப் பற்களில் கைவேலையையும் கற்கிறார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்துதான் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இத்தனை பேருக்குப் பல் சுத்தம் செய்திருக்க வேண்டும், இத்தனை பற்களை அடைத்திருக்க வேண்டும், இத்தனை பல் செட்டுகளை முடித்திருக்க வேண்டும் என்று துறைதோறும் ஒரு கணக்கு உண்டு. அதை முடித்தால்தான் தேர்வுக்குப் போக முடியும். ஆகவே நோயாளி வந்தால்தான் மாணவரின் படிப்பு நடக்கும். கல்லூரியில் சிகிச்சை பெறுவதை யாரோ போடும் தருமமாக எண்ணிக் கூச வேண்டியதில்லை. நாளைய மருத்துவர் ஒருவரின் கல்விக்கு உங்கள் நேரத்தைக் கொடுக்கிறீர்கள், அதற்கு ஈடாகச் சிகிச்சை பெறுகிறீர்கள்.

அந்த நேரம்தான் இங்கே உண்மையான கட்டணம். தனியார் கிளினிக்கில் முக்கால் மணி நேரத்தில் முடியும் வேலை கல்லூரியில் ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளும், ஏனெனில் மாணவர் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்ததும் மேற்பார்வை ஆசிரியரை அழைத்துக் காட்டி, அவர் சரி என்று கையெழுத்திட்ட பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இந்தத் தாமதத்தைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் இதுவே நோயாளிக்குப் பாதுகாப்பு: ஒரே பல்லை இரண்டு மூன்று பேர் பார்க்கிறார்கள், அவசரம் இல்லை, தவறு நேர்ந்தால் அடுத்த கட்டத்துக்குள் பிடிபட்டுவிடுகிறது.

யார் சிகிச்சை தருவார் என்பதும் வேலையின் கடினத்தைப் பொறுத்தது. பல் சுத்தம் செய்வது, எளிய அடைப்புகள், ஆடும் பல்லை எடுப்பது ஆகியவற்றை இளநிலை மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவர்களும் செய்வார்கள். கடைவாய்ப்பல்லின் ரூட் கேனால், எலும்புக்குள் புதைந்த ஞானப்பல், ஈறு அறுவை, கம்பி கட்டிப் பல்லை வரிசைப்படுத்துவது போன்றவை பெரும்பாலும் முதுநிலை மாணவர்களிடம் போகும்; அவர்கள் ஏற்கெனவே பட்டம் பெற்ற பல் மருத்துவர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதல் நாள்

காலையிலேயே போய்விடுங்கள். ஓபி சீட்டு பதிந்ததும் எல்லோரும் முதலில் போவது வாய் நோயறியும் துறைக்கு. அங்கே வாய் முழுவதையும் பார்த்து, தேவையான எக்ஸ்ரே எடுத்து, எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒரு பல் வலிக்கு வந்தவரிடம் வாய் முழுவதையும் குறிப்பெடுப்பதைப் பார்த்து எரிச்சல் கொள்ள வேண்டாம். வலிக்காத இடத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இந்தச் சோதனையில்தான் கண்ணில் படுகிறது. இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், குட்கா, மாவா, பாக்கு போடும் பழக்கம் உள்ளவருக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வருதல், காரம் பட்டால் எரிதல் ஆகியவை இருந்தால் கேட்காமலே நீங்களே சொல்லுங்கள். தன் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடியாதவர், பல்லில் வலி இல்லாவிட்டாலும் காட்டியாக வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு போங்கள். பல் பிடுங்குவதற்கு வெறும் வயிற்றோடு வருவது நம்மிடம் பரவலாக உள்ள தவறான பழக்கம். சர்க்கரை நோயாளி அப்படி வந்தால் ஊசி போட்ட சிறிது நேரத்தில் மயங்கி விழக்கூடும். முழு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைக்கு மட்டுமே பட்டினி வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் அட்டையைக் காட்டினால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அசிட்ரோம் போன்றவற்றை எடுப்பவர் அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதால் வரும் ஆபத்து பல் எடுத்த இடத்தில் கசியும் ரத்தத்தைவிடப் பெரிது, அந்த முடிவை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவருக்குப் பல் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும். எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கொரு முறை ஊசி போட்டுக்கொள்பவரும், கழுத்திலோ முகத்திலோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரும், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தாலும், மறக்காமல் சொல்ல வேண்டும்; அவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையான காலம் பல் சிகிச்சைக்கு வசதியானது. ஆனால் கடும் வலியும் வீக்கமும் இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்க வேண்டியதில்லை.

நாற்காலியில் உட்காரும் முன் கேட்க வேண்டியவை

இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பதே முதல் கேள்வி. பிடுங்குவது எளிது, வரிசையும் சீக்கிரம் நகரும், மாணவருக்கும் ஒரு கணக்கு முடியும். இவற்றுள் எதுவும் உங்கள் பல்லை எடுப்பதற்கான காரணம் ஆகாது. காப்பாற்ற முடியும் என்றால் எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் சோதனையும் பல் எடுப்பதும் இலவசம் அல்லது சொற்பக் கட்டணம். ஆனால் கேப், பல் செட்டு, கம்பி, இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) ஆகியவற்றுக்கு லேப் செலவும் பொருள் செலவும் தனியாக வாங்குவார்கள். ரூட் கேனால் குறைவான செலவில் முடிந்து, கேப்புக்குப் பணமில்லாமல் நிற்பவர்களைத் துறை வாசலில் அடிக்கடி காணலாம். எனவே கேப்போடு சேர்த்து எவ்வளவு என்று கேட்டு, சீட்டின் பின்புறமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்பார்வை ஆசிரியர் யார் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாணவர் வருவார், போவார். அந்தத் துறையில் நிலையாக இருப்பவர் ஆசிரியர்தான். கையுறை புதிதா, கருவிகள் கிருமி நீக்கி மூடிய உறையிலிருந்து உங்கள் முன் பிரிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் கேளுங்கள். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்வியை வரவேற்பார், மாணவருக்கும் அது ஒரு பாடம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் அதைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். திருப்தி இல்லையென்றால் முதலில் மேற்பார்வை ஆசிரியரிடமும், பிறகு துறைத் தலைவரிடமும், அதன் பின் முதல்வரிடமும் முறையிடலாம்.

பாதியில் நிற்கும் சிகிச்சை

கல்லூரி மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஏற்படும் மிகப் பெரிய நஷ்டம் பாதியில் நின்றுபோகும் சிகிச்சைதான். ரூட் கேனாலை எடுத்துக்கொள்வோம். முதல் அமர்விலேயே பல்லின் உள்ளிருக்கும் அழுகிய நரம்பை எடுத்து, தற்காலிக அடைப்பு வைத்து அனுப்புவார்கள். வலி அன்றே பெரும்பாலும் அடங்கிவிடும். வலி இல்லாததால் நோயாளி வராமல் இருந்துவிடுகிறார். தற்காலிக அடைப்பு சில வாரங்களே தாங்கும். அது தேய்ந்ததும் எச்சில் உள்ளே இறங்கி மறுபடி சீழ் பிடிக்கிறது, இந்த முறை பல் உடைந்தும் போகிறது. வேர்க்குழாயின் நீளத்தை எக்ஸ்ரேயில் அளந்து, சுத்தம் செய்து, மருந்தால் நிரப்பி, மேலே நிரந்தர அடைப்பும் கடைவாய்ப்பல்லானால் கேப்பும் போட்ட பிறகே அந்தச் சிகிச்சை முடிந்ததாகப் பொருள்.

மறுபுறத்தில், நோயாளி ஒழுங்காக வந்தும் வேலை நிற்பதுண்டு. மாணவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை துறை மாறுவார்கள், தேர்வு வந்துவிடும், பயிற்சி மருத்துவரின் ஓராண்டு முடிந்துவிடும். அவர் கொடுத்த கைப்பேசி எண்ணை மட்டும் நம்பியிருந்தவர் அப்போது யாரைக் கேட்பது என்று தெரியாமல் திகைக்கிறார். இதைத் தவிர்க்க, உங்கள் கேஸ் ஷீட்டின் (துறையில் வைத்திருக்கும் சிகிச்சைக் குறிப்பின்) எண், துறையின் பெயர், மேற்பார்வை ஆசிரியரின் பெயர் மூன்றையும் முதல் நாளே ஓபி சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாணவர் மாறப்போகிறார் என்று தெரிந்ததும், "என் கேஸை அடுத்தவருக்கு மாற்றித் தாருங்கள்" என்று ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். துறைகளில் இது வழக்கமான நடைமுறை; கேட்பவருக்கு நடக்கிறது, கேட்காதவரின் கோப்பு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

முழுப் பல் செட்டு வேண்டுவோர் கவனிக்க வேண்டிய நாள்

வயதானவர்கள் கல்லூரியை நாடுவது பெரும்பாலும் பல் செட்டுக்காக. இதற்குக் குறைந்தது ஐந்து முறையாவது போக வேண்டியிருக்கும், பற்களை எடுத்த பிறகு ஈறு ஆற இரண்டு மூன்று மாதங்கள் காத்திருக்கவும் நேரிடும். முதல் நாள் ஈற்றின் அளவெடுத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு வார்ப்பார்கள். அந்த அச்சின்மேல் உங்களுக்கென்றே ஒரு தட்டு செய்து இரண்டாம் முறை துல்லியமாக அளவெடுப்பார்கள். மூன்றாம் முறை மெழுகுக் கட்டைகளை வாயில் வைத்து, மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இடையே எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்ப்பார்கள். நான்காம் முறை மெழுகில் பற்களைப் பதித்துப் பொருத்திக் காட்டுவார்கள்.

இந்த நான்காம் நாள்தான் முக்கியமான நாள். மெழுகில் இருக்கும்வரை பல்லின் நிறம், அளவு, வரிசை, உதடு எவ்வளவு உப்பித் தெரிகிறது என்பன எல்லாவற்றையும் மாற்ற முடியும். அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வெந்து வந்துவிட்டால் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. அன்று மகளையோ பேரனையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். பற்கள் இருந்த காலத்தில் சிரித்தபடி எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தால் கொண்டுபோங்கள். கண்ணாடி கேட்டு வாங்கி, கை நீட்டும் தொலைவில் பிடித்துப் பாருங்கள். ச, ஸ ஒலிகள் வரும் சொற்களைச் சொல்லச் சொல்வார்கள். பற்கள் ஒன்றோடொன்று தட்டினாலோ காற்று சீறினாலோ அப்போதே திருத்துவார்கள். மரியாதை கருதி, "நல்லாத்தான் இருக்கு" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து டப்பாவில் போட்டு வைத்திருக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். செட்டு கைக்கு வந்த பிறகும் புண் ஏற்படும் இடங்களைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டொரு முறை போக வேண்டிவரும். வீட்டில் உப்புத்தாளால் தேய்ப்பது செட்டைக் கெடுத்துவிடும்.

குழந்தைகள்

ஆறு வயதையொட்டிப் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு புதிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்து, சொத்தையானாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல்; போனால் போனதுதான். அதன் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களைச் சீலன்ட் பூசி மூடுவது சில நிமிட வேலை, ஊசி இல்லை, வலி இல்லை, மாணவர்கள் நன்றாகச் செய்யக்கூடியது. முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரியின் குழந்தைப் பல் மருத்துவத் துறைக்கு அழைத்துப் போவதைப்போல் குறைந்த உழைப்பில் அதிகப் பயன் தரும் காரியம் பள்ளி ஆசிரியருக்கு வேறில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த பகுதிகளில் பற்களில் பழுப்புக் கறை படிவதைக் காணலாம். தேய்த்தால் போகாத அந்தக் கறைக்கும் கல்லூரியில் சிகிச்சை உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும்.

ஊரை அழைத்துச் செல்வது

கல்லூரிகளில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத் துறை என்று ஒன்று இருக்கிறது. முகாம் நடத்துவதும், நடமாடும் பல் மருத்துவ வண்டியை அனுப்புவதும் அதன் வேலை. ஊராட்சியின் அல்லது பள்ளியின் கடிதத்தாளில், ஊரின் மக்கள்தொகை, வந்துசேரும் வழி, தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடம், தொடர்புக்கு ஒருவரின் பெயர் ஆகியவற்றை எழுதி, கல்லூரி முதல்வருக்கும் அந்தத் துறைத் தலைவருக்கும் கொடுங்கள். தேர்வு மாதங்களையும் விடுமுறையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு தேதி முடிவு செய்யுங்கள்.

முகாமில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை ஊருக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. சோதனை செய்வார்கள், வண்டி வந்தால் பல் சுத்தம் செய்வார்கள், எளிதான பற்களை எடுப்பார்கள், சிறு சொத்தைகளை அடைப்பார்கள். ரூட் கேனால், கேப், பல் செட்டு ஆகியவற்றுக்குக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். அதாவது பெரும்பாலானவருக்கு முகாம் என்பது ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதோடு முடிகிறது. அந்தச் சீட்டோடு கல்லூரிக்குப் போய்ச் சேருகிறவர் மிகச் சிலரே. பதாகை கட்டி, படம் எடுத்து, நூற்றுக்கணக்கானோர் பயன்பெற்றதாகச் செய்தி கொடுத்துவிட்டு இங்கேயே நின்றுவிடுகிற முகாம்களால் ஊருக்கு உண்மையில் கிடைப்பது பற்பசையும் தூரிகையும்தான்.

எனவே முகாம் அன்று ஒருவர் தனி நோட்டுடன் உட்கார வேண்டும். பரிசோதித்த ஒவ்வொருவரின் பெயர், வயது, தொடர்பு எண், எந்தத் துறைக்கு அனுப்பப்பட்டார் என்பதைக் கல்லூரியின் பதிவோடு சேர்த்து ஊரின் பதிவாகவும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டைப் பொறுப்பான ஒருவர் வைத்திருக்கட்டும். நோய் விவரங்கள் அதில் இருப்பதால் டீக்கடை மேசையில் கிடக்கக் கூடாது. பிறகு துறைத் தலைவரிடம் பேசி, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் உங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள் என்று ஏற்பாடு செய்யுங்கள். நோயாளி நிச்சயமாக வருவார் என்ற உறுதியைவிட ஆசிரியருக்கும் மாணவருக்கும் வேண்டியது வேறொன்றுமில்லை. அந்த உறுதிக்காக அவர்கள் நாற்காலிகளை ஒதுக்கித் தருவார்கள், சிலர் கல்லூரிப் பேருந்தையே அனுப்பி வைப்பார்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஊரின் கூலி வேலையைப் பாருங்கள். ஒரு நாள் கல்லூரிக்குப் போவது என்றால் ஒரு நாள் கூலி போகிறது. இலவசச் சிகிச்சையின் விலை பலருக்கு அதுதான். நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களைத் தவிர்த்து, வேலை இல்லாத நாளாகப் பாருங்கள். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாததால், அந்தத் தடத்தில் கல்லூரி இருந்தால் பெண்கள் குழுவாகப் போவது எளிது. ஒரே வீட்டில் இருவருக்குச் சிகிச்சை தேவையென்றால் ஒரே நாளில் சேர்த்து அனுப்புங்கள். உடன் போகிற தன்னார்வலர் ஒருவர், முதல் இரண்டு வாரங்களாவது, ஓபி வரிசையிலும் எக்ஸ்ரே அறையிலும் வழிகாட்டினால் மூன்றாம் வாரத்திலிருந்து ஊர்க்காரர்களே ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்வார்கள்.

பல் எடுத்து ஊர் திரும்புகிறவர்களுக்கு வண்டியிலேயே சொல்ல வேண்டியவை சில உண்டு. பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். எச்சிலை விழுங்க வேண்டும், துப்பக் கூடாது, ஏனெனில் துப்பும்போது குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்து வந்துவிடும். அன்று முழுவதும் கொப்பளிக்கக் கூடாது, மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கலாம். பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு கூடாது. ரத்தம் நிற்காவிட்டாலும், மூன்றாம் நாள் வலி கூடினாலும், வாய் திறக்க முடியாமல் காய்ச்சலோடு வீக்கம் வந்தாலும் காத்திருக்காமல் திரும்பிப் போக வேண்டும். வீக்கம் கழுத்துக்கு இறங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அது அவசர நிலை, 108-ஐ அழையுங்கள்.

முகாம் நடந்து மூன்று மாதம் கழித்து நோட்டை எடுத்து, யாருக்குச் சிகிச்சை முழுதாக முடிந்தது, யார் பாதியில் நிற்கிறார், யார் போகவே இல்லை என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போகாதவர்களிடம் காரணம் கேளுங்கள்: கூலியா, பயமா, துணைக்கு ஆளில்லையா, கேப்புக்குப் பணமில்லையா. அடுத்த வாரப் பயணத்தில் முதல் இடங்களை அவர்களுக்கு ஒதுக்குங்கள். பணமில்லாத பெயர்களை மட்டும் தனித்தாளில் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்து, லேப் கட்டணத்தில் எவ்வளவு குறைக்க முடியும் என்று கேளுங்கள்.